படிகாரமும் பட்டையும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு வகைக் குறிப்புகள் நம் இல்லங்களுக்குள் வந்து சேர்கின்றன. குர்பானி ஆட்டின் தோலை வீட்டிலேயே பதனிட்டு, தொழுகை விரிப்பாகவோ பைத்துல் மாலின் பணப்பையாகவோ ஆக்கிக்கொள்ளும் எளிய வழி என்று அவை தம்மை அறிமுகம் செய்துகொள்ளும். சிட்லபாக்கத்தில் நம் கைக்கு எட்டியவையும், தாம்பரம், பல்லாவரம் பகுதி அன்பர்கள் காட்டியவையுமாகச் சிலவற்றைப் பொறுமையுடன் படித்துப் பார்த்தோம். கவிதையையும் கதையையும் எடைபோடுகின்ற நம் இதழ்கள் இத்தகைய செய்முறை எழுத்துகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு கவிதை சொத்தையாக இருந்தால் படிப்பவருக்கு நேரம் மட்டுமே நட்டம். ஒரு செய்முறைக் குறிப்பு சொத்தையாக இருந்தாலோ, அதை நம்பி ஒரு குடும்பம் பெருநாளன்று தன் முற்றத்தில் தோலை விரித்துவிடுகிறது. விமர்சனம் இங்கே கூடுதலாகவே தேவைப்படுகிறது என்பது நம் எண்ணம்.

இக்குறிப்புகள் பெருகியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குர்பானித் தோல் ஒரு காலத்தில் மத்ரஸாக்களுக்கும் யத்தீம்கானாக்களுக்கும் ஆண்டு வருவாயில் கணிசமான பங்கைத் தந்தது. வீடு வீடாகச் சென்று திரட்டப்பட்ட தோல்கள் உப்பிடப்பட்டுச் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும், அங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளுக்கும் சென்றன. செயற்கைத் தோல் காலணிச் சந்தையைப் பிடித்துக்கொண்டதும், பதனிடும் செலவும் கழிவைச் சுத்திகரிக்கும் செலவும் ஏறியதும், அயல்நாட்டுத் தேவை குறைந்ததும் சேர்ந்து ஆட்டுத் தோலின் விலையைத் தரைமட்டமாக்கிவிட்டன. உப்பு வாங்கிய காசுக்குக்கூடத் தோல் போகாத பெருநாள்களை அண்மைக் காலத்தில் பல ஊர்கள் கண்டிருக்கின்றன. வாங்க ஆளின்றிப் புதைக்கப்பட்டவையும் உண்டு. குப்பைமேட்டில் எறியப்பட்டவையும் உண்டு. அல்லாஹ்வின் பெயரால் அறுக்கப்பட்ட ஒரு பிராணியின் தோல் தெருநாய் இழுக்கும் பொருளாவதைக் கண்டு மனம் பதைத்தவர்களே, வீட்டிலேயே ஏதாவது செய்யலாமே என்று தேடத் தொடங்கினர். தேட்டம் நியாயமானது. சுன்னத்தான குர்பானியின் தோலை வீட்டார் தாமே வைத்துப் பயன்படுத்தலாம், தருமமாகவும் கொடுக்கலாம். விற்றுத் தமக்கென எடுத்துக்கொள்வதும், அறுத்தவருக்குக் கூலியாகத் தருவதுமே கூடாதவை. ஆகவே வீட்டில் பதனிடுதல் மார்க்கம் திறந்தே வைத்திருக்கும் வாசல். அந்த வாசலுக்கு வழிகாட்டும் எழுத்து எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தோலின் உட்புறத்தில் உப்பைத் தேய்க்க வேண்டும். சவ்வைச் சுரண்ட வேண்டும். படிகாரமும் உப்பும் கரைத்த நீரில் சில நாள் ஊறவைக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவி, கையால் இழுத்து மிருதுவாக்க வேண்டும். ஒரு வாரத்தில் விரிப்பு தயார். தொடக்கத்தில், பதனிடப்பட்ட தோல் தூய்மையானது என்னும் கருத்துள்ள நபிமொழி ஒன்று முத்திரை போல் பொறிக்கப்பட்டிருக்கும். முதற்கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

அந்நபிமொழியின் பின்னணி இதுதான். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துப்போயிற்று. அவ்வழியே வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார்கள். இது செத்தது ஆயிற்றே என்று கூறப்பட்டபோது, உண்பது மட்டுமே தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். பேச்சு முழுவதும் தானாகச் செத்த பிராணியைப் பற்றியது. முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் தோலோ, இரத்தத்தைக் கழுவிவிட்டால், பதனிடாவிட்டாலும் தூய்மையானதுதான். குர்பானித் தோலுக்குத் தூய்மை வழங்கப் பதனிடுதல் தேவையே இல்லை. அது கெடாதிருக்கவே தேவை. இந்த வேறுபாட்டைக் காணாது நபிமொழியைத் தலைப்பில் ஒட்டிவிட்டவர், மார்க்கச் சான்று கொடுத்துவிட்ட திருப்தியில், தோல் கெடாதிருக்குமா என்னும் உண்மையான கேள்வியைக் கேளாமலே போய்விட்டார்.

மேற்கோள் காட்டத்தான் வேண்டுமென்றால், இதைவிடப் பொருத்தமானவை நம் வரலாற்றில் நிறைந்துள்ளன. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், தம் வீட்டில் இறந்த ஆடொன்றின் தோலைப் பதனிட்டு, அது நைந்து போகும்வரை பேரீச்சம்பழ ஊறல் வைக்கும் பையாகப் பயன்படுத்தியதாகத் தாமே அறிவித்துள்ளார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டும் தைத்தும் வந்த வருவாயைத் தருமம் செய்தவர்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பெண் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்த வேளையில், அவர்கள் ஒரு தோலைப் பதனிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் படிந்திருந்த 'கரழ்' சாற்றைக் கழுவிவிட்டே வரவேற்றார்கள் என்று வருகிறது. கரழ் என்பது துவர்ப்பு மிகுந்த ஒரு வகை வேல மரத்தின் காயும் இலையும். சூடான் நாட்டில் இன்றும் அப்பெயரால் வழங்குவது நம் கருவேலங்காயேதான். (வேலி முழுதும் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம், அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆக, வீட்டில் தோல் பதனிடுதல் என்பது அன்னையர் செய்த அன்றாட வீட்டு வேலை. அவ்வேலை துவர்ப்புச் சாற்றால் நடந்தது. இவ்வளவு அழகிய முன்மாதிரி கையருகே இருக்க, குறிப்பெழுதுவோர் அதைத் தொடாமல் போனதற்குக் காரணம், ஒரு வாரத்தில் முடியும் வேலை அது அன்று என்பதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம் கோளாறு சொல்லில் இருக்கிறது. உப்பிடுதல் வேறு, பதனிடுதல் வேறு. உப்பு தோலிலுள்ள நீரை உறிஞ்சி அழுகலைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. பதனிடுதலில் தோலின் நாரே மாறிவிட வேண்டும். அதன் இழைகளோடு துவர்ப்புப் பொருளோ உலோக உப்போ பிணைந்து, மீண்டும் நனைந்தாலும் பழைய பச்சைத் தோலாகாதபடி நிலைத்துவிட வேண்டும். ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் பதனிடுதலுக்குச் சொல்லும் இலக்கணம் இவ்விடத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவானது. காரமும் துவர்ப்பும் உள்ள பொருளால், தோலைக் கெடுக்கும் கசிவுகளை அகற்ற வேண்டும். அதன்பின் அத்தோலை நீரில் போட்டாலும் நாற்றமும் அழுகலும் திரும்பி வரக்கூடாது. வெயிலில் காயவைப்பதும் மண்ணைத் தூவுவதும் உப்பைத் தேய்ப்பதும் அவர்களிடம் பதனிடுதல் ஆகா. ஹனபி மத்ஹபில் வெயிலும் மண்ணும்கூட ஏற்கப்படும். காயல்பட்டினமும் கீழக்கரையும் ஒரு மத்ஹபு, ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு மத்ஹபு என்று அமைந்த நம் தமிழகத்தில், இரண்டையும் அறியாமல் ஒரே வரியில் எழுதிச் செல்வது கவனக்குறைவு. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அதனை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். நாம் வியப்பது, அந்த நீர்ச் சோதனையைத்தான். ஒரு தோல் ஷாப்பின் அனுபவசாலி எதைக் கொண்டு நல்ல பதனைக் கண்டறிவாரோ, அதையே சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

அந்த அளவுகோலால் படிகாரக் குறிப்பை அளந்து பார்ப்போம். படிகாரத்தின் அலுமினிய உப்பு தோல் நாரோடு மிகவும் தளர்வாகவே ஒட்டுகிறது. உலர்ந்த நிலையில் தோல் வெண்மையாக, மிருதுவாக, கண்ணுக்கு இனிதாக இருக்கும். நீரில் நன்கு நனைத்து அலசினால் படிகாரம் கரைந்து வெளியேற, தோல் காயும்போது கொம்பு போல விறைத்துப் பச்சைத் தோலாகிவிடும். படிகாரத்தை இதனால் இழித்துரைக்கிறோம் என்று கருத வேண்டாம். ஐரோப்பாவில் ஆட்டுக்குட்டித் தோல் கையுறைகள் படிகாரம், உப்பு, முட்டை மஞ்சட்கரு, மாவு கலந்த குழம்பில்தான் உருவாயின. உலர்ந்த இடத்தில் அவை நெடுங்காலம் உழைத்தன. உரோமத்தோடு கூடிய ஆட்டுத் தோலுக்குப் படிகாரமே தூய வெண்மையைத் தரும். பட்டைச் சாறு உரோமத்தையும் பழுப்பாக்கிவிடும். ஆனால் அக்குறிப்புகள் பிறந்தது குளிர்ந்த, காய்ந்த நாடுகளில். இவ்வாண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மே, ஜூன் மாதக் கோடையில் வருகிறது. அப்போது செய்த விரிப்பு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சென்னைப் புறநகரின் அடைமழையைச் சந்திக்கும். சுவரே வியர்க்கும் அந்நாள்களில், ஒளூச் செய்த ஈரக் காலோடு அதன்மேல் நாம் நிற்போம். இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத குறிப்பு, சிட்லபாக்கத்து வீட்டுக்கு எழுதப்பட்ட குறிப்பன்று. எங்கிருந்தோ பெயர்த்து ஒட்டப்பட்டது.

படிகாரத்தைப் பற்றிய சுவையான செய்தி ஒன்று உண்டு. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பதனிடும் பொருள்களாகக் கரழையும் 'ஷப்பு' என்பதையும் குறிப்பிடுகிறார்கள். ஷப்பு என்றால் படிகாரம். ஆயினும் சில பிரதிகளில் அச்சொல் 'ஷத்து' என்று வாசிக்கப்பட்டது. அதற்குக் கைப்புச் சுவையுள்ள ஒரு செடி என்று பொருள். அரபியில் இரண்டுக்கும் புள்ளிகளில்தான் வேறுபாடு. ஒன்றில் கீழே ஒரு புள்ளி, மற்றொன்றில் மேலே மூன்று. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மஜ்மூவு நூலில் இப்பாட பேதத்தை எடுத்துக்கொண்டு, மொழியறிஞர் கூற்றையும் சட்ட அறிஞர் கூற்றையும் பொறுமையாக அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஆட்டுத் தோலுக்காக, ஒரு சொல்லின் புள்ளிகள்வரை ஆராய்ந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வழிவந்த நாம், "சிறிது படிகாரம் சேர்க்கவும்" என்னும் அளவோடு நின்றுவிடுகிறோம். எவ்வளவு சிறிது?

படிகாரத்தைத் தவிர வேறு முறைகளும் இக்குறிப்புகளில் தலைகாட்டுகின்றன. ஆட்டின் மூளையையே கரைத்துத் தடவிப் புகையூட்டும் வட அமெரிக்கப் பழங்குடியினர் முறை ஒன்று. அது மெய்யான முறைதான். மூளையின் கொழுப்பு தோலை நெகிழ்த்த, புகை அதைப் பதனிடுகிறது. எனினும் பெருநாள் அன்று ஆட்டு மூளை நம் அடுக்களையைத் தாண்டித் தோலுக்கு வந்து சேரும் என்று நம்புகிறவர் நம் சமூகத்தை அறியாதவர். பேட்டரி அமிலத்தை உப்பு நீரில் கலந்து ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதற்கு இடமில்லை.

குரோமியம் உப்பை வீட்டில் கரைக்கச் சொல்லும் துணிச்சலும் சிலருக்கு உண்டு. மற்ற ஊர்களில் எப்படியோ, இவ்வட்டாரத்தில் அதைச் சொல்பவர் தாம் நிற்கும் மண்ணின் பெயரையாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நம் சிட்லபாக்கத்தை ஒட்டியுள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே, சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துப் பகுதியில் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோமியத்தால் தோல் பதனிடும் முறைக்கு 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1903ஆம் ஆண்டு வாக்கில் சென்னை அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் இங்கே அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். அவர் மனத்திலிருந்தவற்றுள் ஒன்று, உழவர்கள் கிணற்றில் நீர் இறைக்கும் கவலைச் சால். ஓயாமல் நீரில் முழுகும் தோல் விரைவில் அழுகாதிருக்க வேண்டும் என்பது. உழவனின் கிணற்றுக்காக வந்த அதே பொருள், பின்னாளில் ரயில் பாதைக்கு மேற்கே பல்லாவரம், நாகல்கேணிப் பகுதித் தொழிற்கூடங்களின் கழிவாகி, அவ்வட்டாரக் கிணறுகளையே குடிக்க முடியாதவையாக்கியது. கேணி என்று பெயரிலேயே கிணற்றை வைத்துக்கொண்டுள்ள ஊருக்கு இந்த நிலை. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி ஆகிய பகுதிகளோடு, அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்த இப்பகுதித் தோல் ஷாப்புகளையும் உட்படுத்தியது. கழிவுச் சுத்திகரிப்பு இல்லாதவை இயங்கக் கூடாது என்றதோடு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த தொழிற்கூடத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், குளியலறையில் குரோமியம் கரைப்பது எந்த நியாயத்தில் சேரும்? குரோமியம் இட்ட தோல் கொதிநீரையும் தாங்கும்; அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் இட்ட குரோமியத்தில் கணிசமான பங்கு தோலில் ஏறாமல் நீரோடு வெளியேறும். அந்நீர் போகுமிடம் எது என்பதைக் குறிப்பு சொல்வதில்லை.

இன்னொன்றையும் இவ்வெழுத்துகள் சொல்வதில்லை: அது மனிதக் கை. "சவ்வை நீக்கவும்" என்று மூன்று விநாடியில் படித்துவிடுகிறோம். தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தம் குடிசை வாசலிலேயே தோலைப் பதனிட்டுச் சாலும் செருப்பும் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர். 'வீட்டு முறை' என்று நாம் இன்று புதிதாகத் தேடுவது அவர்கள் வீட்டில் என்றும் இருந்தது. அதற்குக் கிடைத்த கூலி தீண்டாமை. தோலைத் தொடுவதை இழிவென்று கருதாத மார்க்கத்தவர் என்பதால் நம்மவர் இவ்வணிகத்தில் முன்னேறினர் என்பது பெருமையாகப் பேசப்படுவதுண்டு. அப்பெருமையோடு, சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். டி. செல்வராஜ் 2010இல் வெளியிட்டு 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'தோல்' நாவல், திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளரின் வாழ்வையும் அவர்கள் சங்கம் கண்ட கதையையும் விரித்துரைப்பது. நம் சமூகத்து முதலாளிமாருக்கு அந்நாவல் கசக்கும். கசப்பும் துவர்ப்பும் தோலுக்கு நல்லவை என்பதால் அதைப் படிக்குமாறு பரிந்துரைக்கிறோம். வீட்டில் ஒரேயொரு தோலைத் தாமே சுரண்டிப் பார்த்தவர்கள் அந்நாவலை வேறு கண்ணோடு படிப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபின், நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது வாசகர் உரிமை. நம் நாட்டு முறை ஒன்று கண்முன் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, புங்க எண்ணெய் பூசிய தென்னாட்டுத் தோல், கீழை இந்தியத் தோல் என்னும் பெயரில் உலகச் சந்தையில் புகழ் பெற்றது. பிற்காலத்தில் ஆவாரத்தின் இடத்தை வாட்டில் பட்டை பெரிதும் பிடித்துக்கொண்டது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நமக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கிறது. இவற்றை அறிந்து எழுதுபவர் முதலில் நேரத்தைச் சொல்லியிருப்பார். கோடையில் அறுத்த சில மணி நேரத்துக்குள் உப்பு ஏறாவிட்டால் உரோமம் தளர்ந்துவிடும். அதன்பின் எம்முறையும் பலிக்காது. தோலின் எடையில் ஏறக்குறையப் பாதி உப்பு வேண்டும். இரண்டு கிலோ தோலுக்கு ஒரு கிலோ. பெருநாள் பரபரப்பில் இறைச்சியைப் பங்கிடும்வரை தோல் மூலையில் சுருண்டு கிடப்பதே நம் வழக்கம். பெரும்பாலான தோல்கள் கெடுவது அந்த மூலையில்தான்.

பிறகு பொறுமை. உரோமம் வேண்டாமென்றால் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து, வழித்து, சுண்ணாம்பு முற்றும் போகும்வரை அலசித் தவிட்டு நீரில் இட வேண்டும். உரோமம் வேண்டுமென்றால் சுண்ணாம்பே கூடாது. நொறுக்கிய பட்டையின் சாற்றை முதலில் நீர்த்ததாகவும், நாளாக ஆகச் செறிவானதாகவும் கொடுக்க வேண்டும். தொடக்கத்திலேயே செறிந்த சாற்றில் போட்டால் மேற்புறம் இறுகி அடைபட்டு, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். ஆட்டுத் தோலுக்கே மூன்று நான்கு வாரம் ஆகலாம். இரும்புப் பாத்திரம் ஆகாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மையாகிவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாம் படித்த குறிப்புகளுள் ஒன்று இரும்புத் தகர டிரம்மைப் பரிந்துரைத்தது!

கழிவுக்கும் அக்குறிப்பில் இடம் இருக்க வேண்டும். சிட்லபாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போய், ஏரி ஏரியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிச் செல்வது. தாம்பரம் மாநகராட்சி 2021இல் அமைந்து இவ்வூர் அதனுள் அடங்கியபின்னும், தெரு வடிகாலில் ஊற்றுவது ஏரிக்கே ஊற்றுவதாகும் என்னும் நிலவமைப்பு மாறிவிடவில்லை. ஆதலின் தோலை நீரில் நனைக்குமுன், மேலேயுள்ள உப்பை உலர்ந்தபடியே உதறி எடுத்துவிட வேண்டும். அடுத்த தோலுக்கு அதுவே ஆகும். சுரண்டிய சவ்வையும் கொழுப்பையும் ஆழப் புதைக்க வேண்டும். சாறு இறங்கிய பட்டையைக் காயவைத்து அடுப்பெரிக்கலாம். ஒரு தெருவில் பத்து வீடுகள் செய்ய விரும்பினால், பத்து முற்றங்களில் செய்வதைவிட, பள்ளிவாசல் ஜமாஅத்தின் பொறுப்பில் அனுபவமுள்ள தொழிலாளர் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து ஓரிடத்தில் செய்வது மேல். அக்கூலி தோலாக இருக்கக் கூடாது, பணமாகவே இருக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறோம்.

முடிந்ததா என்று அறியத் தோலின் ஓரத்தில் விரலகலத் துண்டொன்றை வெட்டி, வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். இரு புறமும் பழுப்பேறி நடுவே வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால் இன்னும் ஒரு வாரம் ஊற வேண்டும். கோடு மறைந்திருந்தால், அத்துண்டைக் கிண்ணத்து நீரில் மூன்று நாள் போட்டு, நான்காம் நாள் எடுத்து முகர்ந்து, உலர்த்தி, மடித்துப் பார்க்கலாம். படிகாரத்தில் செய்தவர்களும் இதனைச் செய்து பார்க்கட்டும்.